உரையாடாத உரையாடல் பெட்டி!

“சார், நான் ஒண்ணுமே பண்ணல சார்!”

கலங்கிய கண்களோடு நின்றாள் ஒன்பதாம் வகுப்பு மாணவி. களவுப் பழியா சுமத்தினோம்? இல்லை. கண்ணாடியை உடைத்தாள் என்றோமா? அதுவும் இல்லை. பள்ளிக் கணினி அறையில், அவள் முன்னிருந்த திரையின் அடியில், நாள்தோறும் நீண்டு கிடக்கும் பட்டை காணாமற் போயிருந்தது. நிரல்களைத் திறக்கும் பொத்தான்களும், திறந்த சாளரங்களின் பெயர்களும், மணி காட்டும் கடிகாரமும் வரிசையாக வீற்றிருக்குமே, ‘பேனல்’ என்றும் ‘டாஸ்க்பார்’ என்றும் அழைப்பார்களே, அந்தப் பட்டை! அது மறைந்தது, அவ்வளவுதான். அந்த அவ்வளவுக்கே அவள் விரல்கள் நடுங்கின. அடுத்த இருக்கைத் தோழியோ, தொற்றுநோய் கண்டவள்போல், தன் சுட்டியினின்றும் கையை எடுத்து மடிமேல் வைத்துக்கொண்டாள்.

நாம் சென்று பார்த்தோம். பட்டை அழியவில்லை, ஒளிந்திருந்தது. ‘தானாக மறை’ என்னும் அமைப்பு எப்படியோ இயங்கத் தொடங்கியிருந்தது. சுட்டியை அடிவிளிம்புக்குக் கொண்டுபோனால் எட்டிப் பார்க்கும். சற்றே விலக்கினால் ஓடி ஒளியும். சரி, மாற்றிவிடலாம் என்று முனைந்தோம். மாற்றுவதற்குரிய பெட்டியைத் திறக்க, அந்தப் பட்டையின்மேலேயே சுட்டியின் வலப் பொத்தானை அழுத்த வேண்டும். அதிலும், வேறெந்தப் பொத்தானும் இல்லாத வெற்றிடம் பார்த்து அழுத்த வேண்டும். பட்டையோ ஒளிந்து விளையாடுகிறது. வெளியே வந்தாலும் இம்மியளவு வெற்றிடமும் அதில் இல்லை! வீட்டைப் பூட்டிச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்த விவேகத்தை என்னென்பது! பட்டம் பெற்றவர் நாம். பாடம் சொல்லித் தருபவர் நாம். நமக்கே பத்து நிமிடம் பிடித்தது. பதினான்கு வயதுப் பெண் என் செய்வாள்?

அவள் என்ன செய்தாள் தெரியுமா, தோழர்களே? தன்னையே குற்றவாளி என்று தீர்த்துக்கொண்டாள். “நான் தொட்டிருக்கவே கூடாது சார்” என்றாள். அந்தச் சொல் நம் நெஞ்சில் முள்ளெனத் தைத்தது. அந்த முள்ளைப் பிடுங்கி உங்கள் முன் வைக்கவே இதனை எழுதுகிறோம்.

பெயரோ உரையாடல்!

அமைப்புகளை மாற்றத் திரையில் தோன்றும் அந்தச் சிறு பெட்டிக்குத் தமிழில் ‘உரையாடல் பெட்டி’ என்று பெயர். அழகான பெயர், ஆழமான பெயர். உரையாடல் என்றால் இருவர் பேச வேண்டும். ஒருவர் வினவ, ஒருவர் விடையிறுக்க, விளங்காதபோது ‘என்ன சொன்னீர்?’ என்று கேட்க, தவறிச் சொன்னதை ‘அதன்று, இது’ என்று திருத்திக்கொள்ள இடமிருக்க வேண்டும். இந்தப் பெட்டியிலோ ஒருவர்தான் பேசுகிறார். அவரும் அவர் மொழியிலேயே பேசுகிறார். பேசிவிட்டு, ‘புரிந்தவன் பிழைத்துக்கொள்வான், புரியாதவன் போய்ச் சேரட்டும்’ என்று வாயை மூடிக்கொள்கிறார். இதற்குப் பெயர் உரையாடலா? உத்தரவு என்றல்லவா பெயரிட வேண்டும்!

குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியவள் அந்தச் சிறுமி அல்லள். அந்தப் பெட்டி! அதனைக் கூண்டிலேற்றிக் குற்றங்களை ஒவ்வொன்றாக அடுக்குகிறோம். தீர்ப்பு உங்களுடையது.

முதற் குற்றம்: வாயிலை மறைத்தது.

பெட்டி எங்கிருக்கிறது என்பதே பெரும்பாலோர்க்குத் தெரியாது. வலப் பொத்தானை அழுத்தினால் ஒரு பட்டியல் வரும் என்பதைத் திரையில் எந்த எழுத்தும் சொல்வதில்லை; எந்தப் படமும் காட்டுவதில்லை. தெரிந்தவர் சொல்லித் தெரிய வேண்டும். 2011 ஏப்ரலில் க்னோம் 3 வெளிவந்தபோது, பழைய முகத்தை ஒத்த மாற்று வடிவம் ஒன்றும் அதனுடன் வந்தது. அந்த வடிவத்தில் பட்டையை மாற்ற வேண்டுமானால், விசைப்பலகையில் ‘ஆல்ட்’ விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, அதே வேளையில் சுட்டியின் வலப் பொத்தானை அழுத்த வேண்டும்! அதற்கு முன்பு வலப் பொத்தான் மட்டுமே போதுமானதாயிருந்தது. பழகியவர்கள் அழுத்தி அழுத்திப் பார்த்தார்கள், பட்டியல் வரவில்லை, வசதியையே எடுத்துவிட்டார்கள் என்று எண்ணிச் சோர்ந்தார்கள். எடுக்கவில்லை, ஐயா! மறைத்து வைத்திருந்தார்கள். மறைத்து வைத்த பொருளுக்கும் இல்லாத பொருளுக்கும், தேடுகிறவனைப் பொறுத்தவரை, என்ன வேறுபாடு?

இரண்டாம் குற்றம்: செய்தவன் மொழியில் பேசியது, செய்கிறவன் மொழியில் அன்று.

எக்ஸ்.எஃப்.சி.ஈ. என்னும் லினக்ஸ் டெஸ்க்டாப்பை எடுத்துக்கொள்வோம். இலேசானது, பழைய கணினியிலும் ஓடுவது, பணமில்லாதோர்க்குப் பெருந்துணை. அதனைப் பழிப்பது நம் நோக்கமன்று. ஆனால் 2020 டிசம்பரில் வந்த அதன் 4.16 பதிப்பில் பட்டையின் பெட்டியைத் திறந்தவர் கண்டதென்ன? பட்டையின் தடிமன் பிக்சல் கணக்கில். அதன் நீளமோ விழுக்காட்டுக் கணக்கில்! ஒரே பொருளுக்கு, ஒரே பக்கத்தில், இருவேறு அளவுகோல். துணிக்கடையில் அகலத்தை அங்குலத்திலும் நீளத்தைப் ‘பீசில் பாதி’ என்றும் சொன்னால் வாங்குவோமா? நிலைகள் மூன்று: கிடை, நெடுக்கு, மூன்றாவதாக ‘டெஸ்க்பார்’. முதலிரண்டும் விளங்கும். மூன்றாவது என்ன? பீஓஎஸ் என்னும் பழைய இயங்குதளத்தில் பட்டைக்கு வழங்கிய பெயர் அது. அதனை அறிந்தோர் ஆயிரத்தில் ஒருவர். ‘நெடுக்காக நிற்கும், எழுத்துகள் மட்டும் கிடையாக இருக்கும்’ என்று ஒரு வரி எழுதினால் கை நோகுமா?

பட்டைகளுக்கு அங்கே பெயரில்லை, எண்தான் உண்டு. பட்டை 1, பட்டை 2. கைதிக்கு எண், பட்டைக்கும் எண்! ‘மேலே உள்ள பட்டை’, ‘கீழே உள்ள பட்டை’ என்று மனிதர் சொல்வதுபோல் சொன்னால் என்ன? 

மூன்றாம் குற்றம்: விளைவைக் காட்டாமல் வினையைக் கேட்டது.

‘தானாக மறை’ என்கிறது பெட்டி. எதிலிருந்து மறையும்? எப்போது மறையும்? மறைந்தால் மீண்டும் எப்படி வரும்? ஒரு சிறு படம் போதுமே! இது இயலாத காரியமா? எண்ணிப் பாருங்கள்: 1995 ஆகஸ்டு 24 அன்று வெளிவந்த விண்டோஸ் 95, டாஸ்க்பாரை அறிமுகப்படுத்தியது. அதன் பெட்டியில் நான்கே நான்கு கட்டங்கள்: எப்போதும் மேலே நில், தானாக மறை, தொடக்கப் பட்டியலில் சிறு சின்னங்கள், கடிகாரம் காட்டு. அவற்றின் தலைமேல் ஒரு சின்னஞ்சிறு திரைப்படம். கட்டத்தைத் தொட்டால் படத்தில் பட்டை மறையும். மீண்டும் தொட்டால் தோன்றும். பார்த்தவுடன் விளங்கும். அந்தக் காலத்துக் கணினியின் நினைவகம் இன்றைய கைப்பேசியின் நினைவகத்தோடு ஒப்பிட்டால் கடுகு! அந்தக் கடுகுக்குள் அடங்கிய கனிவு, இன்றைய கடலுக்குள் அடங்கவில்லையாம்! நம்பச் சொல்கிறார்கள்.

நான்காம் குற்றம்: திரும்பும் வழியை அடைத்தது.

மாற்றம் செய்தவுடன் திரையில் தெரிய வேண்டும், ‘சரி’, ‘செயற்படுத்து’ என்று இரண்டு மூன்று பொத்தான்களை அழுத்த வைக்கக் கூடாது என்பது நல்ல கொள்கை. 2002-இல் க்னோம் வகுத்த வடிவமைப்பு நெறிகள் அதனை வலியுறுத்தின. நாமும் வரவேற்கிறோம். ஆனால் ‘செயற்படுத்து’ போனபோது, அதனுடன் ‘வேண்டாம்’ என்னும் பொத்தானும் போயிற்றே! ‘சரி’ போகலாம்; ‘தவறு, பழையபடி ஆக்கு’ என்பது போகலாமா? விண்டோஸில் திரையின் நுணுக்கத்தை மாற்றிப் பாருங்கள். ‘இந்த மாற்றம் இருக்கட்டுமா?’ என்று கேட்கும். 15 வினாடிக்குள் நாம் விடையளிக்கவில்லையென்றால், திரை இருண்டு போயிருக்கலாம், பாவம், இவரால் பார்க்க முடியவில்லை போலும் என்று கருதித் தானே பழைய நிலைக்குத் திரும்பிவிடும். எத்துணைப் பரிவு! எத்துணை அறிவு! பட்டையை ஒளிக்கும்போது மட்டும் அந்தப் பரிவு எங்கே போய் ஒளிந்தது?

ஐந்தாம் குற்றம்: தமிழில் தடுமாறியது.

இது பெட்டியின் குற்றம் மட்டுமன்று. அதனைச் செய்வோர் மொழிபெயர்ப்பாளரை நடத்தும் முறையின் குற்றம். தமிழில் டெஸ்க்டாப் வேண்டும் என்று, ஊதியம் கருதாது உழைத்த ஆர்வலர்கள் உண்டு. அவர்கள் கையில் வருவது பெரும்பாலும் பெட்டியின் படமன்று, சொற்களின் பட்டியல். ‘டிஸ்ப்ளே’ என்று ஒரு சொல் தனியே வந்து நிற்கும். ‘காட்டு’ என்னும் வினையா? ‘காட்சி’ என்னும் பெயரா? ‘திரை’ என்னும் கருவியா? மூன்றில் எது? ஊகித்து எழுதுகிறார் ஒருவர். ஊகம் தவறினால் ஊர் சிரிக்கிறது. இன்னொன்று: ஆங்கிலச் சொல்லின் நீளத்துக்கு அளந்து தைத்த பொத்தானுக்குள் தமிழ்ச் சொல்லைத் திணித்தால், பாதிச் சொல் வெளியே, மூன்று புள்ளிதான் உள்ளே! தமிழ் நீளமானது என்று தமிழைக் குறை சொல்வார்கள். சட்டை சிறிதென்றால் சட்டையை மாற்றுவதா, கையை வெட்டுவதா?

வழக்குரைஞர் வருகிறார்

ஐந்து குற்றங்களை அடுக்கினோம். பெட்டியின் பக்கம் பேச வழக்குரைஞர் வராமலிருப்பாரா? ஒருவரல்லர், மூவர் வருகின்றனர். 

முதலாமவர் வித்தகர். “தெரியாதவன் ஏன் தொடுகிறான்? கையேட்டைப் படிக்கட்டும். நாங்களெல்லாம் படித்துத்தானே தெரிந்துகொண்டோம்?” என்கிறார். படித்தீர், மகிழ்ச்சி. கதவைத் திறக்கக் கையேடு படிக்கிறோமா? குழாயைத் திருகக் குறிப்பேடு பார்க்கிறோமா? டொனால்டு நார்மன் என்னும் அமெரிக்க அறிஞர், அன்றாடப் பொருள்களின் அமைப்பைப் பற்றி 1988-இல் ஒரு நூல் எழுதினார். பொருளைப் பயன்படுத்துவதில் தடுமாறுகிறவர்கள் தங்களையே நொந்துகொள்கிறார்கள். உண்மையில் பிழை பொருளின் அமைப்பில் இருக்கிறது என்பது அந்நூலின் உயிர்நாடியான கருத்து. நம் மாணவியின் கண்ணீருக்கு அதைவிட வேறென்ன விளக்கம் வேண்டும்? தாம் பட்ட பாட்டைப் பிறரும் படட்டும் என்பது அறிவின் இலக்கணமா? அறிந்தவன் ஏறிய பின் ஏணியை எடுத்துவிடும் வேலையல்லவா அது!

இரண்டாமவர் கருணைவள்ளல். இவர்தான் மிகவும் ஆபத்தானவர். ஏனெனில் இவர் நம் பக்கம் பேசுபவர்போல் தோன்றுவார். “ஐயோ பாவம், மக்களுக்குக் குழப்பமாயிருக்கிறது. ஆகவே அமைப்புகளையே எடுத்துவிடுவோம். பட்டை கீழேதான் இருக்கும். மாற்ற முடியாது. குழப்பமும் இல்லை” என்கிறார். 2021 அக்டோபர் 5 அன்று விண்டோஸ் 11 வெளிவந்தபோது, இதுதான் நடந்தது. விண்டோஸ் 95 முதல் பட்டையை மேலும் கீழும் இடமும் வலமும் வைத்துக்கொள்ள இருந்த உரிமை, அந்த வெளியீட்டில் பறிக்கப்பட்டது. க்னோம் 3-உம் அந்தப் பாதையிலேயே சென்றது. பட்டையில் விரும்பியதைச் சேர்க்கவும் விலக்கவும் க்னோம் 2-இல் இருந்த வசதி, 2011-இல் அதன் புதிய முகத்தில் இல்லாமற் போயிற்று. விளைவு? அர்ஜென்டினா நாட்டு ஆர்வலர் ஒருவர் பழைய நிரல்தொகுப்பை எடுத்து வளர்க்கத் தொடங்கினார். ‘மேட்’ என்னும் டெஸ்க்டாப் அதே ஆண்டில் பிறந்தது. உரிமையை எடுத்தால் மக்கள் உறங்கிவிடுவார்கள் என்று எண்ணியோர்க்கு அது விடை.

நேர்மையோடு பேச வேண்டும், தோழர்களே. இந்த இரண்டாமவர் பக்கமும் ஓர் உண்மை உண்டு. 2001-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் க்னோம் 1.4-ஐப் பயனர்முன் வைத்துச் சோதித்தது. அவர்கள் எங்கெங்கே திணறினார்கள் என்பதை அறிக்கையாக வெளியிட்டது. அதன் பின்னரே, 2002 ஜூனில், அமைப்புகளைக் குறைத்துச் சீர்செய்த க்னோம் 2 வந்தது. ஒவ்வொரு அமைப்புக்கும் ஒரு விலை உண்டு. சோதிக்க உழைப்பு, பராமரிக்க உழைப்பு, படிப்பவருக்குக் குழப்பம் என்று அக்காலத்தில் ஹேவக் பென்னிங்டன் வாதிட்டார். மறுக்கவில்லை. பயனற்ற அமைப்பைக் களையுங்கள். பழுதுபட்ட நிரலுக்கு ஒட்டுப்போடவே வைத்த அமைப்பை, நிரலைத் திருத்திவிட்டு நீக்குங்கள். ஆனால் களையைப் பிடுங்குவது வேறு. வயலையே பிடுங்குவது வேறு. இடக்கையால் எழுதுகிறவர் உண்டு; அகலத் திரையில் பட்டை ஓரத்தில் இருந்தால்தான் படிக்கப் பக்கம் நீளும் என்று கருதுகிறவர் உண்டு; கண்பார்வை மங்கியவர்க்குப் பட்டை தடித்திருக்க வேண்டும். இவர்களின் தேவையைப் ‘பாவம், குழம்பிவிடுவீர்கள்’ என்று சொல்லி மறுப்பது கருணையா? கண்ணைக் கட்டி வழி காட்டும் கருணை! மக்களுக்கு விளங்கவில்லை என்றால் விளக்குவது கடமை, விலக்குவதன்று.

புரியாமல் வைப்பவரும் பறித்துக்கொள்பவரும் பகைவர்போல் தோன்றுவர். ஒருவர் ‘எல்லாம் இருக்கிறது, தேடிக்கொள்’ என்கிறார். மற்றவர் ‘ஒன்றும் இல்லை, தேடாதே’ என்கிறார். ஆனால் இருவர் நெஞ்சிலும் ஒரே எண்ணம்: இவனுக்கு விளங்காது! அந்த எண்ணத்தைத்தான் எதிர்க்கிறோம். இந்தப் பெட்டியை அன்று, பெட்டிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் அந்த எண்ணத்தை!

மூன்றாமவர் கேலிக்காரர். “நாட்டில் எத்தனையோ துன்பம், இவருக்குத் திரையின் அடியில் கிடக்கும் பட்டைதான் கவலை!” என்று சிரிக்கிறார். அவருக்கு விடையளிக்க நாம் ஓர் ஒப்புதல் தர வேண்டும்.

நம் கணினி அறைச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ‘எதையும் மாற்றாதே’ என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. எழுதியவர் யார்? நாமேதான்! ஒரு கணினிக்கு மூன்று மாணவர், ஒருவர் மாற்றினால் அடுத்தவர் தவிப்பார், சரிசெய்ய நமக்கு நேரமில்லை, ஆகவே எழுதினோம். அந்தத் தாளின் கீழே அமர்ந்து, ‘ஏன் என்று கேள், எப்படி என்று பார், செய்து பழகு’ என்று பாடமும் நடத்தினோம்! வாய் ஒன்று சொல்ல, சுவர் வேறொன்று சொல்லிற்று. பிள்ளைகள் சுவரைத்தான் நம்பினார்கள். கேலிக்காரரே, நீர் சிரிக்கும் அந்தச் சிறு பட்டைதான், வீட்டில் கணினி இல்லாத பிள்ளை, கருவியொன்றைத் தன் விருப்பத்துக்கு வளைத்துப் பார்க்கும் முதல் இடம். அங்கே அஞ்சிக் கையை எடுத்தவள், நாளை நிரல் எழுதத் துணிவாளா? வங்கியின் திரையில் தவறான தொகை தெரிந்தால், ‘இயந்திரம் தவறு செய்கிறது’ என்று தலைநிமிர்ந்து சொல்வாளா? ‘நான்தான் எதையோ அழுத்திவிட்டேன் போலும்’ என்று தலைகுனிந்து திரும்புவாளா? எண்ணிப் பார்த்துவிட்டுப் பிறகு சிரியும்!

என்ன செய்ய வேண்டும்?

குறை கூறுவதோடு நிற்பவர் அல்லர் நாம். கேட்பது இன்னதென்று தெளிவாகவே கேட்கிறோம்.

பெட்டிக்கு இரண்டு வாயில் வேண்டும். பட்டையின்மேல் ஒன்று, பொது அமைப்புகளுக்குள் ஒன்று. பட்டை மறைந்தாலும், முழுதும் அழிந்தாலும், பெட்டியைத் திறக்க வழியிருக்க வேண்டும். ‘பட்டை’ என்று தேடினால் கிடைக்க வேண்டும்.

பெட்டி கேள்வியாகப் பேச வேண்டும். பட்டை எங்கே இருக்க வேண்டும்? எவ்வளவு தடிமனாக? எப்போது மறைய வேண்டும்? அதில் என்னென்ன இருக்க வேண்டும்? நான்கு கேள்விகள், நான்கு பகுதிகள். அன்றாடம் வேண்டுவன முதலில். அரிதாக வேண்டுவன ‘மேலும்’ என்பதற்குள். மேலும் என்பது மறைத்தலன்று, வரிசைப்படுத்தல்.

படம் வேண்டும். 2024 பிப்ரவரி 28 அன்று வந்த கே.டி.ஈ. பிளாஸ்மா 6, பட்டை அமைக்கும் பெட்டியைத் திருத்தி, பட்டையின் இடம், மறையும் விதம் முதலியவற்றைச் சிறு படங்களோடு காட்டியது. அதற்கு முந்திய ஐந்தாம் பதிப்பில், பட்டையின் ஓரத்தில் சிறு முக்கோணங்கள் நிற்கும். எது சிறும நீளம், எது பெரும நீளம் என்று இழுத்துப் பார்த்தே அறிய வேண்டும். படம் வந்ததே, அது முன்னேற்றம்! குறையைக் கண்டு திருத்திய அந்தத் தொண்டர்களைப் பாராட்டுகிறோம். முடியும் என்பதற்கு அதுவே சான்று.

‘பழையபடி ஆக்கு’ என்னும் பொத்தான் வேண்டும்; ‘முதலிலிருந்ததுபோல் வை’ என்னும் பொத்தானும் வேண்டும். பட்டையை நீக்கினாலோ ஒளித்தாலோ, சில வினாடி நேரம் ‘திரும்பப் பெறலாம்’ என்று திரை சொல்ல வேண்டும். ஜேக்கப் நீல்சன் 1994-இல் தொகுத்த பத்து நெறிகளில், பயனர் வழி தவறி நுழைந்தால் வெளியேறத் தெளிவான வழி வேண்டும் என்பதும் ஒன்று. அவ்வளவு காலம் முன்பே சொன்ன நெறி, இன்னும் எத்தனை பெட்டிகளின் காதில் விழவில்லை!

இழுத்து வைக்கும் வசதி வேண்டும். ஆனால் இழுப்பது ஒன்றே வழியாகக் கூடாது. கை நடுங்குவோர் உண்டு. சுட்டியைக் காண இயலாத பார்வையற்றோர் உண்டு. விசைப்பலகையால் எல்லாவற்றையும் எட்ட வேண்டும். ஒவ்வொரு பொத்தானுக்கும் திரைபடிப்பான் வாய்விட்டுச் சொல்லத்தக்க பெயர் வேண்டும். பெயரற்ற பொத்தான், அவர்களுக்குச் சுவர்.

மொழிபெயர்ப்பவர்க்குப் படமும் விளக்கமும் தர வேண்டும். சொல்லின் நீளத்துக்கேற்பப் பெட்டி விரிய வேண்டும்.

இவை அனைத்துக்கும் மேலாக, பெட்டியைச் செய்தவர், அதனை வெளியிடுமுன், கணினி பழகாத ஐந்து பேரை அதன்முன் உட்கார வைக்க வேண்டும். உட்கார வைத்துவிட்டு, வாயைத் திறவாமல் பார்க்க வேண்டும். ‘இப்படி அழுத்துங்கள்’ என்று சொல்லக் கூடாது. ஐந்து பேர் போதும். பெரும்பாலான குறைகள் வெளிப்பட்டுவிடும் என்று நீல்சன் 2000-இல் எழுதினார். ஐந்து பேரைக் கூட்ட எந்தச் சர்க்காரின் அனுமதி வேண்டும்? எந்தக் கோடீசுவரனின் கொடை வேண்டும்?

நம் பங்கு

இளைஞர்களே! பிறர் செய்து தரட்டும் என்று காத்திருக்கவா போகிறோம்? மேலே சொன்ன லினக்ஸ் டெஸ்க்டாப்புகளின் நிரல் எல்லோர்க்கும் திறந்து கிடக்கிறது. அவற்றை ஆக்குவோரில் பலர், நம்மைப்போல் பகலில் வேறு பணி பார்த்து இரவில் எழுதும் தொண்டர்கள். அவர்கள் நம் பகைவர் அல்லர். அவர்களுக்குத் தெரியாத ஒன்று நமக்குத் தெரியும்: பயன்படுத்துபவர் எங்கே திணறுகிறார் என்பது. அதை அவர்களிடம் சொல்வது நம் கடமை.

வரும் ஞாயிறன்று ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் அன்னையையோ, அண்டை வீட்டுப் பெரியவரையோ, தம்பி தங்கையையோ கணினிமுன் அமர்த்துங்கள். “இந்தப் பட்டையைத் திரையின் மேலே கொண்டுபோய் வையுங்கள்” என்று மட்டும் சொல்லுங்கள். பின் மௌனம் காத்திடுங்கள். எங்கே நின்றார், எதைப் பார்த்துப் புருவம் நெரித்தார், எந்தச் சொல்லை இருமுறை படித்தார் என்று குறித்துக்கொள்ளுங்கள். அவர் ‘எனக்கு ஒன்றும் தெரியாதப்பா’ என்று சொல்லும்போது, ‘உங்களுக்குத் தெரியாததன்று, இதற்குச் சொல்லத் தெரியவில்லை’ என்று கூறுங்கள். அந்தக் குறிப்பை அந்த டெஸ்க்டாப்பை ஆக்குவோர்க்கு வழு அறிக்கையாக அனுப்புங்கள். ‘மோசம்’ என்று எழுதாதீர்கள்; ‘இந்தச் சொல்லில், இந்த இடத்தில், இவர் நின்றார்’ என்று எழுதுங்கள். வசையைப் புறக்கணிக்கலாம், சான்றைப் புறக்கணிப்பது கடினம்.

சுவரில் ஒட்டியிருந்த தாளை நாம் கிழித்துவிட்டோம். அதற்குப் பதிலாக, மறைந்த பட்டையை மீட்கும் வழியை நான்கு வரியில் எழுதி ஒட்டினோம். பெட்டி சொல்லாததைச் சுவர் சொல்கிறது, இப்போதைக்கு. மறுவாரம் அந்த மாணவி பட்டையை இடப்புறம் நிறுத்தினாள். கடிகாரம் நெருங்கிச் சிதைந்தது கண்டு மீண்டும் கீழே இறக்கினாள். தவறு செய்தாள், திருத்திக்கொண்டாள், அழவில்லை.

அந்த நான்கு வரியைச் சுவரிலிருந்து எடுத்து, இருக்க வேண்டிய இடமாகிய பெட்டிக்குள் வைக்க வேண்டும். அதுவரை கேட்டுக்கொண்டே இருப்போம். உரையாடல் என்று பெயர் வைத்தவர்களே, எங்களோடு உரையாடுங்கள்!